ஊமைப் பிள்ளையும் உளுந்து வராத புருசனும்

போன வாரம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா, குமரகுருபரர் நாடகம். அஞ்சு வயசு வரைக்கும் ஊமையா இருக்க வேண்டிய பய, திருச்செந்தூர் சீனுக்கு முன்னாலயே "எம்மா, ஊக்கு குத்துது"ன்னு மைக்ல கத்திட்டான். கூட்டம் சிரிச்சு ஓய அஞ்சு நிமிசம் ஆச்சு. அப்புறம் முருகன் வந்தாரு, பேச்சு வந்துச்சு, கந்தர் கலிவெண்பால ரெண்டு வரி, ஸ்கிரீன போட்டுட்டாங்க.

எனக்கு அங்கதான் வயித்தெரிச்சல். புலவர் நாடகம்னாலே அற்புதத்தோட கடைய கட்டிருதோம். காளிதாசன்னா உக்காந்த கிளைய வெட்டணும், காளி நாக்குல எழுதணும். அதுக்குப் பொறவு அந்த மனுசன் எழுதுன எழுத்து எங்கவே?

திருவாரூர்ல 1908ல பொறந்த வி. ராகவன், 1958ல சென்னைல சம்ஸ்கிருத ரங்கம்னு ஒரு நாடகக் குழு ஆரம்பிச்சவரு, விஜ்ஜிகா, விகடநிதம்பா, அவந்திசுந்தரின்னு அந்தக் காலத்துப் பெண் புலவர்கள் மூணு பேர வச்சு மூணு குட்டி நாடகம் எழுதினாரு, அதுவும் சமஸ்கிருதத்துலயே. இவங்களப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கறது கொஞ்சந்தான். ஆனா கிடைச்ச பாட்டுக்குள்ளயே நாடகம் கெடக்கு. "கருநெய்தல் மாதிரி கருத்த என்னைய தெரியாம, சரஸ்வதி முழுக்க வெள்ளைன்னு தண்டி சும்மா சொல்லிட்டாரு"ங்கா விஜ்ஜிகா. தண்டி பெரிய சமஸ்கிருதப் புலவரு, இவ தானே சரஸ்வதிங்கா. என்ன திமிரு பாருங்க! விகடநிதம்பா புருசன் கதை இன்னும் மோசம். மாசத்துக்கு 'மாஷம்'பானாம், மாஷம்னா உளுந்து, உளுந்துக்கு 'மாசம்'பானாம், ஒட்டகத்த சொல்லவந்தா ஒரு எழுத்த முழுங்கிருவானாம். இவனுக்குப் போயி இவளக் குடுத்துட்டாங்களேன்னு ஒரு பழைய சுலோகம் பொலம்புது.

"சமஸ்கிருதத்துல போட்டா யாருடே பாப்பா"ன்னு நம்ம அண்ணாச்சி ஒருத்தர் கேக்காரு. நியாயம்தான். ஆனா வாழப்பளம்னு சொல்லுத மாப்பிள்ளையும் அதக் கேட்டு மொகத்தத் திருப்புத பொண்டாட்டியும் எந்த பாசைல வந்தாலும் நமக்குப் புரியும்லா அண்ணாச்சி.

நம்மாளுகிட்டயும் அப்படி ஒரு சீன் இருக்கு. குமரகுருபரர் காசிக்குப் போறாரு, அங்க இந்துஸ்தானி தெரியல. சின்னதுல ஊமையா இருந்த ஆளு, அவ்வளவு தமிழ் பாடுனப்புறம், மறுபடி ஊமை! அந்த பாசை வேணும்னுதான் சரஸ்வதி மேல சகலகலாவல்லி மாலை பாடுனாருன்னு சொல்லுவாங்க, அதுவும் வெண்தாமரைலதான் ஆரம்பிக்கும், விஜ்ஜிகா கேட்டா சண்டைக்கு வந்துருவா. நான் நாடகம் போட்டா அங்கதான் தொடங்குவேன், சுத்தி எல்லாரும் படபடன்னு பேச நடுவுல இவரு வாயத் தொறந்து தொறந்து மூடுதாரு.

அந்த வேசத்துக்கு ஊக்கு குத்துன பயலையே வளத்து நிறுத்தலாம். பேசாம நிக்கது என்ன பாடுன்னு அவனுக்குத் தெரியும்.