வெறும் 14,999 ரூபாய்தானாம்

இன்று காலை, பால் பாக்கெட்டை இன்னும் கத்தரிக்கக்கூட இல்லை, சென்னையிலிருந்து இரண்டு இரவுக் கப்பல் சுற்றுலா என்கிற அந்த விளம்பரம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. நீலக் கடல், வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு குடும்பம், அவர்கள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ‘வெறும் 14,999 ரூபாய்’. அந்தத் தொகைக்குப் பின்னால் எறும்பு ஊர்ந்ததுபோல ‘முதல்’ என்றொரு சொல் இருக்கிறது; அதற்கும் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. அந்த நட்சத்திரம் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் போன வாரம்தான் 52 நிமிடம் தொலைபேசியில் நின்று கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகும் எனக்கே அனுப்புகிறார்களே, அந்தத் துணிச்சலைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணக்கு எளிது என்றுதான் நானும் நினைத்தேன். சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் கையில் இருந்தது. நான், மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன் என நான்கு பேர். அம்மா, கடற்காற்று தனக்கு ஆகாது என்று முதலிலேயே விலகிக்கொண்டார். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தால் 59,996 ரூபாய் வந்தது. மீதம் 4 ரூபாய். எங்கள் சீட்டுத் தொகையைத் தெரிந்துகொண்டே விலை வைத்ததுபோல இருக்கிறதே என்று வியந்து, அந்த 4 ரூபாயை என்ன செய்வது என்றுகூட வீட்டில் பேசிச் சிரித்தோம். பிறகுதான் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

“சார், 14,999 வந்து ஸ்டார்ட்டிங் ப்ரைஸ் சார்” என்றது எதிர்முனையில் ஒரு பெண் குரல். சரி, அது எப்போது ஸ்டார்ட் ஆகும் என்று கேட்டேன். செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆகுமாம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு இருக்கும், பரீட்சை எழுதாமல் பிள்ளைகள் கப்பலில் நிற்க முடியாது, மே மாதம் வேண்டும் என்றேன். சற்று நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. “மே பீக் சீசன் சார், ஒருத்தருக்கு 21,500 வரும்.” இரண்டு பேருக்கு 43,000 என்று தாளில் எழுதினேன். பிள்ளைகளுக்கு இலவசம் கிடையாதா அம்மா என்றேன். “கிட்ஸ் ஃப்ரீதான் சார், பன்னெண்டு வயசுக்குக் கீழ.” என் மகளுக்கு 15. ஆகவே கப்பல்காரர்களின் அகராதியில் அவள் குழந்தை அல்லள், ‘மூன்றாவது ஆள்’, அதற்கு 14,000. மகன் இலவசம்தான், ஆனால் அந்த இலவச மகனுக்கும் துறைமுகக் கட்டணம் 2,500 ரூபாய் உண்டு, எரிபொருள் கட்டணம் 750 ரூபாய் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று நால்வருக்கும் இரண்டும் சேர்ந்து 13,000. இந்த விலைகளெல்லாம் ஓர் அறைக்கு இருவர் என்று வைத்துப் போடப்பட்டவை என்பதால், தனியாகப் போகிறவர் பாடு இதைவிடப் பரிதாபம். பக்கத்தில் படுக்காத ஆளுக்கும் சேர்த்து அவர் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது கிராஜுவிட்டி என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நொடி மனம் குளிர்ந்தது. முப்பது வருடம் உழைத்து ஓய்ந்தவனுக்குக் கம்பெனி கொடுத்தனுப்புவதுதானே நாம் அறிந்த கிராஜுவிட்டி. கப்பலில் அது தலைகீழாம்: நாம் ஏறுவதற்கு முன்பே, இன்னும் முகம் பார்த்திராத பணியாளர்கள் இனிமேல் செய்யப்போகும் உபசரிப்பில் மகிழ்ந்து, மனமுவந்து கொடுத்ததாக வைத்துக்கொண்டு, கட்டாயமாக வசூலிக்கும் டிப்ஸ். ஓர் இரவுக்கு ஒருவருக்கு 500 வீதம், நான்கு பேருக்கு இரண்டு இரவுக்கு 4,000. மனமுவந்து கொடுப்பதை முன்கூட்டியே ரசீது போட்டு வாங்கும் வித்தையை எங்கே படித்தார்கள் என்று தெரியவில்லை. தாளில் 74,000 என்று நிற்கிறது. ஜிஎஸ்டி தனி. அதுவும் சேர்ந்தபோது 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

“சார், இது இன்சைடு கேபின் ரேட். ஓஷன் வியூ வேணும்னா கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்” என்று அவள் தொடர்ந்தாள். இன்சைடு கேபின் என்றால் என்ன என்று கேட்டேன். “விண்டோ இருக்காது சார், ஆனா பெரிய மிரர் இருக்கும்.” கடலைப் பார்ப்பதற்காக 80 ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கப்பல் ஏறுகிறவனுக்கு, அவன் முகத்தையே பெரிதாகக் காட்டுகிறார்கள். வைஃபை கிடையாது, ஜூஸுக்குக் காசு, கரையில் இறங்கி ஊர் பார்க்கக் காசு. கடைசியில், “இன்னைக்கு நைட் பன்னெண்டு மணியோட ஆஃபர் முடியுது சார்” என்றாள். அது போன வியாழக்கிழமை. இன்று காலையும் அதே ஆஃபர் வந்திருக்கிறது என்றால், அவர்கள் ஊரில் இன்னும் நடுநிசி ஆகவில்லை போலும்.

அந்தப் பெண்ணை நொந்து பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய மாதச் சம்பளமே ‘வெறும் 14,999 முதல்’ தொடங்குமா என்பது சந்தேகம். ஆனால் அவளிடம் கோபப்பட வழியில்லாமல் போனதால் என் கோபம் இருமடங்கானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படி விலையைச் சொட்டுச் சொட்டாகச் சொல்வதும், நேரம் முடிகிறது என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் ஏமாற்று வேலை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இவை இரண்டும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2024 ஜூலை முதல் கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டச் சட்டம் போட்டது. பெரிய கப்பல் நிறுவனங்களும் அதற்கு வழிக்கு வந்தன. அங்கே முழு விலையைச் சொல்லத் தெரிந்த இந்தத் தொழிலுக்கு, பாளையங்கோட்டைக்காரனிடம் பேசும்போது மட்டும் நாக்கு ஏன் தவணை முறையில் வேலை செய்கிறது?

இன்னொன்று. நான் இதுவரை சொன்ன தொகை அத்தனையும் சென்னைத் துறைமுகத்து வாசலில் நிற்பவனுக்கு. நாங்கள் அந்த வாசலுக்குப் போக 650 கிலோமீட்டர் போக வேண்டும். கடைசி நேரத்தில் காலி அறைகளை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அப்போது பிடி என்று அறிவுரை சொல்லாத ஆளில்லை. பத்து நாளுக்கு முன் கப்பல் கிடைத்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் யார் தருவது? மே மாதத்தில் வெயிட்டிங் லிஸ்ட் நீளமே ஒரு கப்பல் நீளம் இருக்கும். சரி, எட்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தால் தள்ளுபடி என்கிறார்கள். ரயில் முன்பதிவோ 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பணம் திரும்பி வராத கப்பல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ரயில் டிக்கெட்டுக்காக வேண்டுதல் போட வேண்டும். மழைக்காலத்தில் போனால் மலிவு என்கிற மேதாவிகளுக்கும் ஒரு வார்த்தை: வங்காள விரிகுடாவில் புயல் எந்த மாதங்களில் உருவாகிறது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலித் தெருக்களிலேயே மீட்புப் படகுகள் ஓடின. துறைமுகக் கட்டணம் இல்லாமல் நாங்கள் பார்த்த ஒரே நீர்வழிப் பயணம் அதுதான்.

வயிற்றெரிச்சல் எங்கே வருகிறது என்றால், கப்பல் என்பது எங்களுக்கு அந்நியப் பொருள் அல்ல. தூத்துக்குடி இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். போட்டி தாங்காத ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். சுதேசிக் கப்பலை ஒழிக்க வந்த வெள்ளைக்காரனே குடை கொடுத்திருக்கிறான். இவர்கள் சன்னலுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நவம்பரில் அது நின்றுபோனது.

இத்தனையையும் அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் நான் கத்திக்கொண்டிருந்தபோது, அம்மா ரசத்தை ஊற்றியபடி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “எய்யா, சன்னல் இல்லாத ரூம்புல படுக்கதுக்கா எம்பதாயிரம்? நம்ம அரங்கு வீட்டுல படுத்தா ஆரும் காசு கேக்கப் போறாவளா?” எங்கள் வீட்டு அரங்கு, நெல் மூட்டையும் பழைய வெண்கலப் பானைகளும் கிடக்கிற இருட்டு அறை. சன்னல் கிடையாது. நியாயமாகப் பார்த்தால் அதுவும் இன்சைடு கேபின்தான், கண்ணாடி மட்டும்தான் குறை. மனைவிக்குப் புரையேறியது. நானும் சிரித்துவிட்டேன், 52 நிமிடக் கோபம் அந்த ரசத்தோடு கரைந்துவிட்டதாகத்தான் நினைத்தேன், இன்று காலை அந்த விளம்பரம் வரும் வரை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகன் அரங்கில் பாயை விரித்து, பாட்டியின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பானைமேல் சாய்த்து வைத்து, வாசலில் நின்று வசூல் செய்துகொண்டிருக்கிறான். துறைமுகக் கட்டணம் தலைக்கு 3 ரூபாய். என் கையில் 4 ரூபாய்தான் இருக்கிறது என்று நீட்டினேன். மீதி 1 ரூபாய் வரும் என்று பார்த்தால், அதையும் சேர்த்து டவுசர் பையில் போட்டுக்கொண்டான்.

“ஜிஎஸ்டி தனிப்பா.”