320,000-க்கு ஆள் வந்தாச்சு, பேங்க் 280,000 என்கிறது

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லுனாஸ் பக்கம் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை விற்கிறவர்கள் பலர், அடுத்த லைனில் யாரோ 'கேட்ட' விலையை வைத்துத்தான் தங்கள் விலையைச் சொல்கிறார்கள். கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளருக்கு இரண்டாவதுதான் கணக்கு.

ஒற்றை மாடி வரிசை வீடு, பேசி முடித்தது 320,000 ரிங்கிட் என்று வையுங்கள். 90 விழுக்காடு கடன் கிடைத்தால் 288,000 வரும். வாங்குகிறவர் 32,000 போட்டால் போதும். மதிப்பீடு 280,000 என்று வந்தால் பேங்க் அதில்தான் 90 விழுக்காடு தரும். அதாவது 252,000. இப்போது அவர் கையிலிருந்து 68,000 வேண்டும். வக்கீல் கட்டணம், முத்திரை வரி தனி. சம்பளக்காரக் குடும்பம் திடீரென்று இன்னொரு 36,000-க்கு எங்கே போகும்? வியாபாரம் அங்கேயே படுத்துவிடும்.

2025 ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, கடன் வட்டிக்கு அடிப்படையான ஓபிஆர் விகிதத்தை 3.00-இலிருந்து 2.75 விழுக்காட்டுக்கு இறக்கியதும் இனி வீடு பறக்கும் என்றார்கள். கால் விழுக்காடு குறைந்தால், 288,000 கடனுக்கு 35 ஆண்டுத் தவணையில் மாதம் ஏறக்குறைய 44 ரிங்கிட் மிச்சம். மாதத் தவணைக்கு உதவும், 36,000 பள்ளத்தை அடைக்காது.

மதிப்பீடு ஏன் குறைகிறது? சின்ன ஊரில் ஒரே தாமானில் கைமாறும் வீடுகள் குறைவு. ஒப்பந்தம் போட்டு வியாபாரம் முடிய வழக்கமாக மூன்று மாதம், கூட ஒரு மாதம். அதனால் விலை ஏறும் காலத்தில் விற்பனைப் பதிவேடு சந்தைக்குப் பின்னால்தான் வரும். விலை இறங்கும்போது போன வருட விலையை மதிப்பீட்டாளரே குறைத்துப் பார்ப்பார். பக்கத்திலேயே லேலோங்கில் (ஏலத்தில்) ஒரு வீடு போயிருந்தால் உங்கள் வீட்டின் மதிப்பும் ஆடும். பழைய தோட்ட நிலத்தில் எழும் புதுத் தாமானில் தள்ளுபடியும் இலவச வக்கீல் கட்டணமும் கொடுத்தால், ரொக்கம் இல்லாதவர் அங்கேதான் போவார்.

பின்பக்கச் சமையலறையை இழுத்துக் கட்டியது பெரிய தலைவலி. நகராண்மைக் கழகம் ஒப்புதல் தந்த பிளான் இல்லையென்றால், நீங்கள் கொட்டிய 40,000-ஐ மதிப்பீட்டில் எதிர்பார்க்காதீர்கள். டைல்ஸும் கேபினட்டும் பார்வைக்குத்தான். குத்தகை நிலமென்றால் மிச்சமிருக்கும் ஆண்டுகளையும் பார்ப்பார்கள்.

புக்கிங் (முன்பணம்) வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று பேங்கில் வாய்மொழி மதிப்பு கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேங்குக்கும் தனித்தனி மதிப்பீட்டாளர் குழு, எண் மாறும். கிராண்டில் (நிலப் பட்டாவில்) உள்ள நிலப் பரப்பு, கட்டடப் பரப்பு, ஒப்புதல் பெற்ற பிளான், படங்கள் எல்லாம் சேர்த்தே கொடுங்கள். குறைவாக வந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதே தாமானில் சமீபத்தில் முடிந்த விற்பனைகளைக் காட்டுங்கள், விளம்பரத்தில் போட்ட விலை செல்லாது. புக்கிங் கடிதத்தில் 'மதிப்பீடு இவ்வளவுக்குக் கீழே வந்தால் பணம் திரும்பும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், பிறகு சண்டை வராது.

ஒப்பந்தத்தில் விலையைக் கூட்டி எழுதி மிச்சத்தைத் திருப்பித் தரும் யோசனையை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது பேங்கை ஏமாற்றுவது. சொத்து ஆதாய வரியும் எழுதிய விலையில் தெரியும் ஆதாயத்துக்குத்தான் வரும்: வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. குறைத்து எழுதினாலும் லாபமில்லை, முத்திரை வரிக்கு அரசாங்க மதிப்பீட்டுத் துறை தன் மதிப்பைப் பார்க்கும்.

இன்னொன்று, வாங்குகிறவர் "இபிஎஃப்பில் எடுத்துத் தருகிறேன்" என்பார், அதாவது தன் சேமநிதியிலிருந்து. வீட்டுக்கான பணத்தை எடுக்க கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தின்போதே 10 விழுக்காடு கட்டியாக வேண்டும். 320,000-க்கு 32,000 கையில் ரொக்கமாக இருக்கிறதா என்று புக்கிங் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.