வெல்டிங்குக்குக் காதும் வேணும்

"கண்ணால் கற்பவன், காதால் கற்பவன், கையால் கற்பவன் எனப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் தொழில் ஏறும், ஆராய்ச்சியே சொல்லுது" என்று மேலே கமெண்டில் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தப்புங்கண்ணா. 2008-ல் பாஷ்லர் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாறு பக்கம் ஐடிஐ பிள்ளைகளுக்கு வெல்டிங் சொல்லித்தருகிறேன். வெல்டிங் ராடு இரும்பிலிருந்து சரியான தூரத்தில் இருந்தால் அப்பளம் பொரிகிற மாதிரி சீரான சத்தம் வரும். தூரம் கூடினால் சத்தம் மாறி, பொறி கண்டபடி தெறிக்கும். 'கண்ணால் கற்பவன்' என்று ஒருத்தனுக்குப் படமாகவே காட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் எப்போது பிடிபடும்? அதே பையன் மோட்டாரை ஓடவைக்கிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங்குக்குப் போனால் முதலில் வரைபடம்தான், அப்புறம்தான் கை. எப்படி நடத்துவது என்பதை வேலைதான் சொல்லும்.

புதுசா வந்தவனுக்குச் செய்துகாட்டணும், தேறினவனைத் தனியே விடணும். அந்த வித்தியாசம் நிஜம். (பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். என் தலைவலி அதுதான்.)