சனிக்கிழமை விருந்தும் 'நம்ம வரிப்பணமும்'

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப் சொல்லியிருக்கும். நான் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே "சாப்பிடுற நேரத்துல இவங்களுக்கு என்ன இவ்ளோ கோபம்" என்று ஒரு செய்தி. சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குடும்பங்களில் குடியும் போதையும் செய்யும் சேதத்தைப் பூர்வகுடிகளே ஆராய அரசு பணம் தரலாமா என்று பேச்சு வந்தது. அண்ணன் சொன்னார்: "குடிக்கிறதும் அவங்க, குடியப் பத்தி ஆராய்ச்சி பண்றதும் அவங்களா? நம்ம வரிப்பணம்ங்க." எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் கையில் மூன்றாவது ரவுண்டு விஸ்கி. நான் எண்ணவில்லை, அவரேதான் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2016-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், மதுவே தொடாதவர்கள் பூர்வகுடிகளில் 31 சதவீதம், மற்ற ஆஸ்திரேலியர்களில் 23. நம் விருந்துகளில் எத்தனை என்று நான் கேட்கவில்லை. குடிப்பவர்கள் நடுவில் பாதிப்பு அங்கே கடுமையாக இருக்கிறது, உண்மைதான். அதை நம்மைவிட உரக்கச் சொல்பவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், கிம்பர்லி பகுதியில் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் என்று ஒரு சின்ன ஊர். சாவு வீடுகளுக்குப் போய்ப் போய் அலுத்த பெண்கள், ஜூன் ஆஸ்கரும் எமிலி கார்ட்டரும் முன்னால் நிற்க, 2007-இல் பார்சல் மதுவைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் போராடினார்கள். 2.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்று ஆனது. சொந்த ஊர்க்காரர்களிடமே அதற்காகத் திட்டு வாங்கினார்கள். அதோடு விடவில்லை. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்துவிடலாம் என்று, 2002, 2003-இல் பிறந்த பிள்ளைகளைச் சோதிக்க ஆராய்ச்சியாளர்களை அவர்களே அழைத்தார்கள். அந்த ஆய்வுக்கு லிலில்வான் என்று பெயர். 'எல்லாச் சின்னப் பிள்ளைகளும்' என்று அர்த்தம். தகுதியுள்ள 134 பிள்ளைகளில் 127 பேரின் வீட்டார் பேச ஒப்புக்கொண்டார்கள். கர்ப்பத்தில் குடித்தாயா என்ற கேள்விக்கு! சோதித்த பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பாதிப்பு. தங்கள் ஊரைப் பற்றி இப்படி ஓர் எண் வெளியே வரட்டும் என்று துணிந்தவர்களைப் பார்த்துத்தான் நாம் சிரித்தோம்.

"அதில் சிட்னி டாக்டர்களும் இருந்தார்களே" என்று உடனே ஒருவர் வருவார். இருந்தார்கள். கூப்பிட்டது யார்? கேள்விகளைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது யார்? வீடு வீடாகக் கூட்டிப்போனது யார்? அதே 2007-இல் கான்பெராவின் மத்திய அரசு, நார்தர்ன் டெரிட்டரியின் பூர்வகுடி ஊர்களுக்கு யாரையும் கேட்காமல் ராணுவத்தோடு போய் இறங்கியது, இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் அந்த டெரிட்டரியில் இரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். ஒரு பூர்வகுடிப் பாட்டி, மடியில் பேரன். படிவத்தோடு வந்த அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்றார். வீட்டில் குடிக்கிறார்களா, யெஸ். யாரும் குடிப்பதில்லையா, அதற்கும் யெஸ். அந்த அம்மாள் குழம்பவில்லை, பயந்திருந்தார். பூர்வகுடிப் பிள்ளைகள் வீட்டைவிட்டு அரசுப் பராமரிப்புக்குப் போவது மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரு தலைமுறைக்கு முன்னால் அதிகாரிகள் பிள்ளைகளைப் பறித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போன கதை அவர் வீட்டிலேயே இருந்திருக்கும். சாயங்காலம் அவர்கள் ஊர் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்தார். "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு, வெளியே மரத்தடியில் தரையில் உட்கார்ந்து, முதலில் யார் வீட்டுப் பெண் என்று உறவு பேசினார். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். என் காதில் எதுவும் விழவில்லை. விழவும் கூடாது.

எனக்கு இது புதிதில்லை. அப்பா குடித்த காலத்தில் எங்கள் தெருவுக்கும் சர்வே எடுக்க வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து, தெருவே பார்க்க, "வீட்டுக்காரர் அடிப்பாராம்மா?" அம்மா சொன்னாள், "தங்கமான மனுசங்க." முதல் நாள் ராத்திரி நசுங்கிய சோற்றுக்குண்டான் அவள் காலடியில் கிடந்தது. 'இல்லை' என்று டிக் போட்டுக்கொண்டு போனார்கள். அப்புறம் எதிர்வீட்டு அக்கா கொல்லைப்பக்கமாக வந்து "நேத்து ரொம்பவா?" என்று மட்டும் கேட்டார். அம்மா ஒரு மணி நேரம் அழுதாள். அந்த அக்காவிடம் படிவமும் பேனாவும் கொடுத்திருந்தால் எங்கள் தெருவின் கணக்கே வேறாக இருந்திருக்கும்.

"சொந்தக்காரங்களே பண்ணா பாரபட்சம் வராதா?" வரலாம். வெளியாள் செய்தால் பொய் வரும், எங்கள் வீட்டில் வந்ததைப் போல. "பணத்துக்குக் கணக்கு?" மற்ற ஆராய்ச்சிக்கெல்லாம் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம். "நீ மட்டும் யாரு, நீயும் வெளியாள்தானே?" இதுதான் கொஞ்சம் சுட்டது. ஆமாம், வெளியாள்தான். அதனால்தான் நான் அவர்களை ஆராயப் போகவில்லை, பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள் என்கிறேன். அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை என்றால், சிரிக்க உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஆல்பர்ட் நமட்ஜிரா என்று ஒரு பூர்வகுடி ஓவியர். 1957-இல் அவருக்குக் குடியுரிமை தந்தார்கள், அதாவது மது வாங்கும் உரிமையும். அடுத்த வருடமே, தன் ஆட்களுக்கு மது கொடுத்தார் என்று வழக்கு, தண்டனை. 1959-இல் இறந்துபோனார். பிறந்த மண்ணில் பாட்டிலைத் தொட ஒருவருக்கு அனுமதி, கூடப் பிறந்தவருக்கு இல்லை. இதெல்லாம் தெரியாமல் 'அவங்க குடிப்பாங்க' என்று ஒரே வரியில் முடித்துவிட எப்படித்தான் முடிகிறதோ.

நம் விருந்துகளிலும் பத்து மணி ஆனால் பெண்கள் கார் சாவியைக் கைப்பைக்குள் ஒளிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. சனிக்கிழமை நான்கு பேர் ஒளித்தார்கள், அதில் ஒருத்தி அண்ணனின் மனைவி. சிரிப்பு அடங்கிய பிறகு அவள் மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். இதை எழுதியதற்கு அவள் கோபித்துக்கொள்வாள், மன்னித்துவிடு தங்கம்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு பேர் போன் செய்தார்கள். கேட்க மாட்டேன். அப்புறம், பொங்கலுக்கு நூற்றைம்பது பேருக்குச் சாம்பார் என் பொறுப்பு என்று லிஸ்ட்டில் போட்டிருக்கிறீர்கள். வேறு ஆளைப் பாருங்கள்.