எங்கள் வீட்டு ரோத்தான்

நேற்று ராத்திரி அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து நம் மலேசியத் தமிழ்ப் படம் ‘ஜகாட்’ மறுபடியும் பார்த்தேன். 2015-இல் வந்தபோது சுங்கை சிப்புட்டிலிருந்து கூட்டாளிகள் நாலு பேர் இரண்டு மோட்டாரில் ஈப்போவுக்குப் போய்ப் பார்த்த படம். திரும்பி வரும்போது ஒருவனும் வாய் திறக்கவில்லை. மோட்டாரில் வந்தால் எப்படியும் பேச முடியாது, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்தே ஊரில் இந்தப் படத்தின் மேல் ஒரு குறை உண்டு. “ஏற்கெனவே நம்ம பையன்கள் என்றாலே கேங் என்கிறார்கள். அதைப் படமாக வேறு எடுத்துக் காட்ட வேண்டுமா?” கோயில் கமிட்டி மாமா ஒருவர் இன்றைக்கும் இதைத்தான் சொல்வார். அவர் கவலை புரிகிறது. ஆனால் இதே மாமா சென்னையிலிருந்து வரும் ரவுடிப் படத்துக்கு முதல் நாளே பேரப்பிள்ளைகளோடு போகிறவர். அங்கே அரிவாளைத் தூக்கினால் கதாநாயகன், இங்கே தூக்கினால் மானம் போகிறதாம்.

எனக்கு இந்தப் படத்தில் கேங்கைவிடப் பெரிதாகத் தெரிவது வீடுதான். கதை நடப்பது 1990களின் தொடக்கத்தில். ரப்பர் தோட்டங்கள் கைமாறி, வேறு திட்டங்களுக்குப் போன காலம். தொழிலாளிகள் குடியிருந்த லயன் வீடு (வரிசை வீடு) தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் வேலை போனால் வீடும் போகும். வெளியேறியவர்கள் புறம்போக்கில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். பால் வெட்டிப் பழகிய கைக்கு டவுனில் என்ன வேலை கிடைக்கும்? அப்படி ஒரு வீட்டில் அப்போய் என்ற 12 வயதுப் பையன். படித்தால்தான் தப்பிக்கலாம் என்று நம்பி அடிக்கிற அப்பா ஒரு பக்கம், கேங்கில் மிடுக்காகத் திரியும் சித்தப்பா ஒரு பக்கம். பையன் யார் பின்னால் போவான்?

காசு குறைவாகப் போட்டு எடுத்த படம் என்பது தெரியத்தான் செய்கிறது. சில இடங்களில் இழுக்கவும் செய்கிறது. ஆனால் கையில் காசு இருந்திருந்தால் அந்தப் பலகை வீட்டுக்கு யாராவது பெயிண்ட் அடித்திருப்பார்கள். பேச்சும் அப்படித்தான். இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் நம் தமிழைச் சென்னைக்கு அனுப்பித் துவைத்து வாங்கவில்லை. கெட்ட என்று பொருள்படும் மலாய் ‘ஜஹாட்’ நம் வாயில் விழுந்து ‘ஜகாட்’ ஆன மாதிரி, எல்லாம் இங்கத்திப் பேச்சு. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் மொழியைக் காரணம் காட்டி இதைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் ‘சிறந்த மலேசியத் திரைப்படம்’ விருதே இதற்குத்தான் கிடைத்தது.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். அப்பன் பிள்ளையை அடிக்கிற காட்சியில் அம்மா மெதுவாக, “உங்கப்பாவும் இப்படித்தான்” என்றார்.

“நான் எப்ப கையால அடிச்சேன்? ரோத்தான்தான்” என்றார் அப்பா. ரோத்தான் என்றால் பிரம்பு. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, “கணக்குல சிவப்பு வாங்கிட்டு வந்தா என்ன செய்யறதாம்” என்றார். வழக்கமாகப் பாதிப் படத்தில் தூங்கிவிடுகிறவர், நேற்றுத் தூங்கவில்லை.

கமிட்டி மாமா இதைப் படிப்பார் என்று தெரியும். சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க மாமா, தே நான் போடுகிறேன். இந்தத் தடவையாவது முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.