ஆட்டிசம் உள்ளோருக்கு அரசுப் பணியில் இடஒதுக்கீடு உண்டு

"ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அரசு வேலையில் இடமில்லை, 18 வயதுக்குப் பின் பயிற்சி வீண்" என்று தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரப் பெற்றோரிடையே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவல் தவறானது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் சட்டம் ஆட்டிசத்தைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தன் 34ஆம் பிரிவில், அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவாக வைத்துள்ளது. இதைப் பெறச் சான்றிதழில் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். (இத்தனை பிரிவினருக்கு ஒரு விழுக்காடு போதாது என்றே எனக்குப் படுகிறது.) பயிற்சி வீண் என்பதோ அதைவிட மோசமான பேச்சு: கும்பகோணத்தில் தனியாகப் பேருந்து ஏறித் தஞ்சாவூரில் இறங்குவதும், மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும், பேருந்து தாமதமானால் பதறாமல் காத்திருப்பதும் 20 வயதுக்குப் பின்னும் கற்றுக்கொள்ளக்கூடியவையே.