தொட்டுப் பார்க்க ஒரு கடை இல்லை

ஊரில் மிச்சமிருந்த ஒரே துணிக்கடையும் மூடிவிட்டது. இனி துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் விரிப்புக்குக் கால் மீட்டர் பருத்தித் துணி வேண்டுமென்றாலும் ஆன்லைன்தான். சரி, வாங்கினேன். திரையில் எலுமிச்சை மஞ்சள், கைக்கு வந்தது கடுகு மஞ்சள். பாதி தைத்த விரிப்பில் வைத்தால் பக்கத்துச் சதுரத்தோடு சண்டை போடுகிறது. '100 சதவீதம் காட்டன்' என்று போட்டுவிடுகிறார்கள்; விரலால் தேய்த்தால்தானே நெசவின் நெருக்கம் தெரியும்? தளர்ந்த நெசவென்றால், கால் அங்குல விளிம்பு விட்டுத் தைத்த இடமெல்லாம் நூல் பிரிந்து வந்துவிடும். முன்பெல்லாம் தைத்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன், கடை வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. இப்போது, வெட்டிக் கொடுத்த துணியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அந்தக் கடுகு மஞ்சள் அலமாரியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது.